மலையில் கேமரா: பை கட்டுவது முதல் வீட்டுக்கு வந்து துடைத்து வைப்பது வரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரைக்கு அருகே கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் நின்றால், புதிதாகக் கேமரா வாங்கியவர்களை ஆலமரத்தடியிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். கழுத்தில் கேமரா தொங்கும். ஒரு கை அதைப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். பாறையில் வெட்டிய படிகள் தொடங்கியதும், தடுமாறினால் ஊன்றிக்கொள்ளக் கை இருக்காது.

நண்பர்களோடும் புதியவர்களோடும் இந்தப் பக்கத்து மலைகளுக்குப் போய் வருகிறவன் நான். மலையில் கேமரா அடிபட்டதைப் பல முறை பார்த்திருக்கிறேன். படம் எடுக்கிற நேரத்தில் அடிபட்டது குறைவு. நடக்கும்போது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது, பையைத் தரையில் வைக்கும்போது அடிபட்டவைதான் அதிகம். அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: நடக்கும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கேமரா பைக்குள் இருக்கலாம், அல்லது ஆடாமல் உடம்போடு ஒட்டி இருக்கலாம். கையில் இருப்பது படம் எடுக்க நிற்கிற நேரத்துக்கு மட்டும்.

1. முதலில் பாதை, பிறகு கேமரா

எந்தக் கேமராவை எடுத்துப் போவது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த மாதிரிப் பாதை என்று பாருங்கள். மதுரையைச் சுற்றி மூன்று வகை உண்டு.

சமணர் மலை, யானைமலை, அரிட்டாபட்டி போன்றவை மொட்டைப் பாறை. தூரம் குறைவு, வெயில் கடுமை, சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற முடியும். இங்கே கேமராவுக்கு எதிரி பாறைதான்.

சிறுமலை, அழகர்மலை, சதுரகிரி போன்றவை கல்லும் காடும் கலந்த பாதை. முள் வாரைப் பிடித்து இழுக்கும், மழைக்குப் பிறகு ஓடையைக் கடக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறுவது, குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போவது போன்ற நெடும்பாதை. அடிவாரத்தில் வியர்த்துக் கொட்டும், மேலே மேகத்துக்குள் நடப்பீர்கள். இங்கே ஈரத்தைப் பற்றிய கவலைதான் முதலில் வர வேண்டும்.

காட்டுப் பாதை எதுவானாலும் வனத்துறை அனுமதி வாங்கிய பிறகே மற்ற ஏற்பாடுகள். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் பிடித்த காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். கோடையில் பாதையை மூடினால் அதற்குக் காரணம் இருக்கிறது. அனுமதி கிடைக்காத தேதிக்குப் பை கட்டாதீர்கள்.

2. எடைக் கணக்கு

பெரும்பாலோர் கேமராவை முதலில் பையில் வைத்துவிட்டு, மிச்சமிருக்கிற இடத்தில் தண்ணீர் வைக்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். நம் வெயிலில் அரை நாள் நடைக்கே ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அது 3 கிலோ. சாப்பாடு, மழைக்கோட்டு, டார்ச் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு 2 கிலோ. அதற்கு மேல் எவ்வளவு தூக்கித் தடுமாறாமல் நடக்க முடியுமோ, அவ்வளவுதான் கேமராவுக்கு.

புதியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றரைக் கிலோ. ஒரு பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்), ஒரு ஜூம் லென்ஸ், கூடுதலாக ஒரு பேட்டரி. இதற்குள் அடங்கிவிடும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவது லென்ஸைத் தூக்குகிறவர்கள் பாதி வழியில் களைத்துப்போகிறார்கள். களைத்த கால்தான் வழுக்கும். லென்ஸை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம், தண்ணீரை விடக் கூடாது.

அரிட்டாபட்டியில் வல்லூறு பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட இடம் அது, தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் பெரிய டெலி லென்ஸ் இல்லாமல் வேட்டைப் பறவையை எடுப்பது கஷ்டம். அப்படியானால் வாரைக் கேமரா பாடியில் மாட்டாதீர்கள், ட்ரைபாட்டில் பொருத்துவதற்காக லென்ஸின் அடியில் இருக்கும் கால் பகுதியில் மாட்டுங்கள். எடை லென்ஸில் இருக்கும்போது பாடியைப் பிடித்துத் தூக்கினால், இரண்டும் சேரும் மவுண்ட் மொத்தச் சுமையையும் தாங்க வேண்டிவரும். நடையில் குலுங்கிக் குலுங்கி அங்கேதான் முதலில் ஆட்டம் கொடுக்கும்.

3. முந்தைய இரவு செய்ய வேண்டியவை

இதைக் காலையில் செய்யலாம் என்று விடாதீர்கள். ஐந்து மணிப் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் செய்கிற முடிச்சு முடிச்சே இல்லை.

வாரின் நுனியைப் பாருங்கள். கேமரா வளையத்தில் நுழைந்து வரும் வார் நுனி, பக்கிளுக்குள் மடங்கி, வாரின் உள்பக்கமாகத் திரும்பி வர வேண்டும். பலர் ஒரே சுற்றோடு விட்டுவிடுகிறார்கள். சட்டென்று பார்த்தால் சரியாகக் கட்டியது போலவே தெரியும், குலுங்கக் குலுங்க மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நழுவும். கட்டி முடித்ததும், மெத்தைக்கு மேலே கேமராவைப் பிடித்துக்கொண்டு வாரை இரண்டு மூன்று தடவை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்.

கேமராவைப் பைப் பட்டையில் பிடித்துவைக்கும் கிளிப்போ ட்ரைபாட் தட்டோ மாட்டுவதாக இருந்தால், அடியில் இருக்கிற கால் அங்குலத் திருகை நாணயமோ அதற்கான சாவியோ வைத்து இறுக்குங்கள். விரலால் இறுக்கியது நடையில் தளரும்.

லென்ஸின் முன்னால் பொருத்தும் மறைப்பான ஹூட்டை மாட்டி வையுங்கள். அது வெயிலை மறைக்க மட்டும் என்று நினைத்து வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். பாறையில் இடித்தால் முதல் அடியை வாங்குவது ஹூட்தான், உடைந்தாலும் மாற்றிவிடலாம். யானைமலையில் ஒருமுறை ஹூட் இல்லாமல் கழுத்தில் தொங்கவிட்டு, சரிவில் நாலு காலில் ஏறினேன். கேமரா முன்னால் ஊசலாடி, லென்ஸின் முன் விளிம்பு பாறையில் இடித்து நெளிந்தது. அதற்குப் பிறகு எந்த ஃபில்டரும் அதில் ஏறவில்லை.

அப்புறம், கேமராவின் வரிசை எண்ணைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தொலைந்தால் புகார் எழுத அது வேண்டும்.

4. பை கட்டும் வரிசை

முதலில் பையின் உள்ளே முழு நீளத்துக்கும் ஒரு நீர்புகாப் பையை விரியுங்கள். பைக்கு வெளியே போடுகிற மழை உறை முதுகுப் பக்கத்தை மூடாது, முதுகில் வழிகிற தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும். சாதாரண பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வாய் சுருட்டிப் பூட்டுகிற ட்ரை பேக் வாங்கிக்கொள்ளுங்கள். கிழியாது. சதுரகிரி மாதிரி பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள இடங்களிலும் சிக்கல் வராது.

அடியில் மாற்றுத் துணி. அதன் மேல் எண்ணெய் கசியாத சாப்பாடு, கனமானதை முதுகை ஒட்டி. அதற்கும் மேலே, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வருகிற உயரத்தில், துண்டில் சுற்றிய கேமரா. நல்ல பருத்தித் துண்டு போதும். அடியைத் தாங்கும், வியர்வை துடைக்கவும் ஆகும். பையின் அடியில் கேமராவை வைக்கிறவர்கள், பையைப் பாறையில் இறக்கும் ஒவ்வொரு தடவையும் கேமராவைத்தான் இடிக்கிறார்கள்.

தண்ணீர் பாட்டில் பைக்கு வெளியே, பக்கப் பையில். எவ்வளவு நல்ல மூடியானாலும் கேமரா இருக்கும் அறைக்குள் தண்ணீர் கூடாது. புளியோதரை டப்பாவுக்கும் இதே விதி. தண்ணீர் உலர்ந்துவிடும், எண்ணெய் உலராது.

கொசு மருந்தையும் அட்டைக்குப் பூசுகிற மருந்தையும் தனி டப்பாவில் வையுங்கள். டீட் (DEET) என்ற பூச்சி விரட்டி கலந்த மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும். அதைத் தடவிய கையோடு கேமராவைப் பிடித்தால் பிடிமான ரப்பர் பிசுபிசுத்துப்போகும். புறங்கையால் தடவிக்கொள்ளும் பழக்கம் நல்லது, உள்ளங்கை சுத்தமாக இருக்கும்.

5. உடம்பில் எங்கே மாட்டுவது

கழுத்து வேண்டாம். குனிந்தால் முன்னால் ஊசலாடும், நிமிர்ந்தால் வயிற்றில் அடிக்கும். கால் வைக்கிற இடத்தையும் மறைக்கும்.

சமதளத்தில் குறுக்கு வார் போதும். இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு வருமாறு போட்டு, கேமராவைப் பின்பக்கம் தள்ளி, மேலே பையின் இடுப்புப் பட்டையைக் கட்டுங்கள். பட்டை வாரை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பாதி ஏற்றத்துக்கு, பையின் தோள் பட்டையில் மாட்டுகிற கிளிப் வசதியானது. கேமரா நெஞ்சோடு நிற்கும், கை இரண்டும் காலி. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கேமரா வளையத்திலிருந்து பைப் பட்டைக்கு ஒரு சாண் நீளத்தில் கயிறும் கொக்கியும் போட்டு வையுங்கள். கிளிப்பில் சரியாக உட்காரும்போது 'டக்'கென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். பாதிக் கிளிப்பில் விட்டுவிட்டு நடந்த இரண்டு பேரின் கேமராவை அந்தக் கயிறு காப்பாற்றியதை நேரில் பார்த்தேன்.

கையை ஊன்ற வேண்டிய இடம் வந்தால் எதுவும் வேண்டாம், பைக்குள் போட்டுவிடுங்கள். நெஞ்சில் கேமரா இருக்கும்போது பாறையோடு ஒட்டி ஏற முடியாது. உடம்பு பாறையை விட்டு விலகும், எடை பின்னால் சாயும்.

6. பேருந்தில்

பையை மேலே சாமான் தட்டில் போடாதீர்கள், மடியில் வையுங்கள். கொடைக்கானல் வளைவுகளில் தட்டிலிருந்து பை விழுவது நடக்கக்கூடியது. காரில் போனால் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகும்போது பையையும் எடுத்துப் போங்கள். மூடிய கார் வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்கும், பேட்டரிக்கு நல்லதில்லை.

7. ஏறும்போது

பாதை மாறுவதற்கு முன்னாலேயே கேமராவின் இடத்தை மாற்றுங்கள். புதியவர்கள் பெரிதும் தவறுவது இங்கேதான். செங்குத்துப் பாறையில் பாதி ஏறிய பிறகு, கிளிப்பில் இருப்பது இடிக்கிறது என்று தெரிகிறது. அங்கேயே ஒரு கையால் கழற்றப் பார்க்கிறார்கள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் நில்லுங்கள், சமதரையில் உட்காருங்கள், கேமராவை ஆஃப் செய்து பைக்குள் வையுங்கள், ஜிப்பை முழுவதும் மூடுங்கள், பிறகு எழுந்திருங்கள். 2 நிமிடம் ஆகும். கூட வருகிறவர்கள் முன்னால் போனால் போகட்டும்.

ஜிப் என்றதும் ஒன்று. படம் எடுத்துவிட்டுப் பையைப் பாதி மூடியபடி தூக்குகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. தூக்கியதும் கேமரா வெளியே உருளும். கேமரா உள்ளே போன மறுநொடியே ஜிப்பை மூடிவிடுங்கள்.

லென்ஸ் மூடியை நடக்கும்போது போட்டே வையுங்கள். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் பெரும்பாலும், சென்சாரை மறைக்கும் ஷட்டர் திறந்தே இருக்கும். தோளில் தொங்கும் லென்ஸ் உச்சி வெயிலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் கருகுவதுபோல உள்ளே சூடு குவியும்.

மணிக்கு ஒரு முறை தண்ணீர் குடிக்க உட்காரும்போது, கிளிப் திருகையும் வார் நுனியையும் விரலால் தொட்டுப் பாருங்கள். தண்ணீரோடு சேர்த்துப் பழகிவிட்டால் மறக்காது.

8. படம் எடுக்கும் இடத்தில்

வரிசை இதுதான்: நில், கால் இரண்டையும் அகட்டி ஊன்று, வாரைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ போடு, அதற்குப் பிறகு கிளிப்பையோ பையையோ திற. வார் மாட்டாமல் கேமரா ஒரு நொடிகூட வெளியே இருக்கக் கூடாது. எடுத்து முடித்ததும் இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: கேமரா உள்ளே போகும் வரை வார் உங்கள்மேல் இருக்கட்டும்.

வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி நகராதீர்கள். 'இன்னும் கொஞ்சம் பின்னால்' என்று யாராவது சொன்னால், கேமராவை இறக்கி, திரும்பிப் பார்த்து, நடந்து போய், மறுபடி நில்லுங்கள். உச்சியில் நிற்கும்போது இது உயிர் விஷயம்.

கை மாற்றுவது தனிக் கலை. "அண்ணே, பிடிங்க" என்று நீட்டிவிட்டு அந்தப் பக்கம் தாவுவார்கள். வாங்குகிறவர் பிடித்தாரா என்று பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் குழுவில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வாங்குகிறவர் முதலில் வாரைத் தலைவழியாகப் போட்டுக்கொள்வார், பிறகு கேமராவைப் பிடிப்பார், "விடு" என்று வாயால் சொல்வார். அதைக் கேட்ட பிறகே கொடுப்பவர் கையை எடுக்கலாம். எனக்குத் தெரிந்து இதைப் பின்பற்றிய யாரும் கைமாற்றும்போது கேமராவை நழுவவிட்டதில்லை.

லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தால், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். கேமராவை ஆஃப் செய்து, பாடியின் வாய் தரையைப் பார்க்குமாறு பிடியுங்கள். மாற்றும் லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி மடியில் வையுங்கள். பங்குனி, சித்திரையில் மொட்டைப் பாறை மேல் தூசி பறந்துகொண்டே இருக்கும், அந்த மாதங்களில் நான் லென்ஸ் மாற்றுவதே இல்லை.

கேமராவைப் பாறைமேல் வைக்காதீர்கள். தட்டையாகத் தெரிகிற பாறையும் சரிவுதான், கேமரா மெல்ல உருளத் தொடங்கினால் நிற்காது. பையைப் படுக்க வைத்து, அதன் வாரில் கையை நுழைத்துக்கொண்டு உட்காருங்கள்.

சமணர் மலை போன்ற தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். சிற்பத்தின்மேலோ சமணர் படுக்கையின்மேலோ பையைச் சாய்க்கவே கூடாது. ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்கிற கல் அது. நம் பக்கிள் ஒரு கீறல் போட்டால் அழிக்க முடியாது.

அழகர்கோயில் பக்கம் குரங்கு. கையில் தொங்குகிற எதையும் தின்பண்டம் என்று நினைத்துப் பறிக்கும். நூபுர கங்கைக்குப் போகும் பாதையில் சாப்பாடும் கேமராவும் இருக்கும் பையைக் குரங்கின் முன்னால் திறக்காதீர்கள். அது வாரைப் பிடித்துவிட்டால் எதிர்த்து இழுக்கவும் வேண்டாம், கடித்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதற்காகவும்தான் கேமரா பைக்குள் இருக்கட்டும் என்கிறேன்.

9. ஓடை, மழை, மேகம்

ஓடையைக் கடக்கும் முன் கேமராவை ட்ரை பேக்கில் போட்டு, காற்றைக் கொஞ்சம் உள்ளேயே விட்டு, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிப் பூட்டுங்கள். பிறகு இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும். கட்டியிருந்தால் பை தண்ணீரோடு சேர்த்து உங்களையும் இழுக்கும். முழங்காலுக்கு மேல் வேகமாகத் தண்ணீர் போனால் கடக்காதீர்கள். கேமராவை மட்டும் அக்கரைக்குத் தூக்கிப் போடலாம் என்கிற யோசனையும் வேண்டாம்.

'வெதர் சீல்' என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை நீர்புகாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தூறல் தாங்கும். ஐப்பசி அடைமழைக்கு அது போதாது.

மேகத்துக்குள் நடக்கும்போது மழையே பெய்யாமல் கேமரா நனையும். இதைவிட நுட்பமான சிக்கல் இறங்கி வரும்போது வருகிறது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் சுமார் ஆறரை டிகிரி குளிர்ச்சி கூடும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்ந்த கேமராவை அடிவாரத்தின் புழுக்கத்தில் வெளியே எடுத்தால், குளிர்ந்த சொம்பில் நீர் பூப்பதுபோல லென்ஸின் உள்ளேயும் வெளியேயும் நீர்த்துளி படியும். மேலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடிக் கொண்டுவாருங்கள். கீழே வந்ததும் ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். நீர்த்துளி பைக்கு வெளியே படிந்து உலர்ந்துவிடும்.

மேலே குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கூடுதல் பேட்டரியைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டோடு வையுங்கள்.

10. இறங்கும்போது

கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு இறங்குங்கள். பேரம் வேண்டாம். ஏறும்போது கண் பாதையில் இருக்கும். இறங்கும்போது கால் நடுங்கும், மனசு டீக்கடைக்குப் போயிருக்கும். நான் பார்த்த விழுதல்களில் அதிகம் இறங்கும்போது நடந்தவை. நல்ல ஒளி வந்தால், நின்று, உட்கார்ந்து, எடுத்து, மறுபடி உள்ளே வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

இன்னொன்றைப் பழகி வையுங்கள்: வழுக்கும் நொடியில் கை கேமராவைப் பிடிக்கப் போகக் கூடாது, பாறையைப் பிடிக்க வேண்டும். இது தானாக வராது. கேமரா கட்டியிருக்கிறது, அது எங்கேயும் போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் கை அதை விடும். மூன்றாம் பகுதியில் வார் நுனியை அவ்வளவு நேரம் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே பையிலிருந்து வெளியே எடுங்கள். சிறுமலையில் தூறலில் நனைந்த பையை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் திறந்தேன். லென்ஸுக்குள் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. சுத்தம் செய்த பிறகும் கண்ணாடிப் பூச்சில் தடம் நின்றுவிட்டது.

முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதுங்கள், அதற்குப் பிறகே துணி. மணல் இருக்கும்போது துடைத்தால் நாமே கீறல் போடுகிறோம். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். வார் வியர்வையில் ஊறியிருக்கும், கழற்றி அலசி நிழலில் காய வையுங்கள்.

கேமரா நன்றாக நனைந்துவிட்டால் 'வேலை செய்கிறதா' என்று இயக்கிப் பார்க்காதீர்கள். பேட்டரியையும் கார்டையும் கழற்றி, மூடிகளைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாளாவது வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவும் தவிடும் துளைகளில் போய் அடையும். ஹேர் ட்ரையரும் வேண்டாம். வெந்நீர், டீ, உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் நேராகப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

உலர்ந்த பிறகு, ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். ஒரு சின்ன ஈரப்பத மானி வாங்கி உள்ளே போட்டுவிடுங்கள். 40-லிருந்து 50 சதவீதம் காட்டினால் சரி. 60 தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் ஏறினால் பச்சையாகும். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய சட்டியில் இளந்தீயில் போட்டு, நிறம் திரும்பும் வரை கிளறினால் மறுபடி பயன்படும். ஆறியதும் துணியில் முடிந்து டப்பாவுக்குள் வைத்து, மூடியின் நான்கு பக்கமும் பூட்டு விழுந்ததா என்று அழுத்திப் பாருங்கள்.